கடைசி இலை

கல்யாணப் பந்தியில் கடைசி இலையில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு வைட் ரிசீவர் என்றால் யார் என்று விளக்கவே வேண்டாம். கூடத்தின் அந்தக் கோடியில் பாயச வாளி கிளம்புகிறது. நாம் இலையில் இடம் ஒதுக்கி, நிமிர்ந்து உட்கார்ந்து, பரிமாறுகிறவரின் கண்ணைப் பிடிக்கப் பார்க்கிறோம். நாலு இலை முன்னாலேயே வாளி காலி. "இதோ வந்துட்டேன் சார்" என்று போனவர் மோர் வந்த பிறகும் வருவதில்லை. அமெரிக்க ஃபுட்பாலில் மைதானத்தின் ஓரத்தில் தனியாக நின்று, விசில் ஊதி முடிவதற்குள் இருபது முப்பது கஜம் உயிரைக் கொடுத்து ஓடி, திரும்பிப் பார்த்து, பந்து வேறு யாருக்கோ போய்விட்டதைத் தெரிந்துகொண்டு நடந்தே திரும்பி வருகிறாரே, அவர்தான் வைட் ரிசீவர். வாளி வைத்திருப்பவர் குவாட்டர்பேக். ஒரே வித்தியாசம், கல்யாணத்தில் பாயசக்காரர் மேல் 130 கிலோ ஆட்கள் நாலு பேர் பாய்வதில்லை.

எனக்கு இப்படி மூன்று ரிசீவர்கள் இருந்தார்கள். மூவரும் புதுமுகங்கள். மூவருக்கும் உடம்பு கிடையாது.

நான் இருப்பது மிச்சிகனில், டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில். இங்கே குளிர்காலம் நவம்பரில் வந்து, வீட்டு மாப்பிள்ளை மாதிரி ஏப்ரல் வரை கிளம்பாது. அப்படி ஒரு குளிரில்தான் ஆபீஸ் நண்பர்கள் நடத்தும் கம்ப்யூட்டர் ஃபுட்பால் லீகில் என்னைச் சேர்த்தார்கள். பொம்மைகள் ஓடுகிற விளையாட்டு என்று நினைத்துச் சம்மதித்துவிட்டேன். அதெல்லாம் இல்லை. எல்லாம் அட்டவணை. ஒவ்வொரு வீரனும் ஒரு வரி. வரி முழுக்க எண்கள். வேகம், கை, ஓடும் பாதை, உடம்பு, வயசு. நாம் ஆளைத் தேர்ந்தெடுத்து, திட்டம் போட்டு அனுப்பிவிட வேண்டும். புதன் ராத்திரி லீகை நடத்தும் கமிஷனர் ஒரு பட்டனை அழுத்துவான். ஆட்டம் முழுவதும் நாலு விநாடியில் நடந்து முடிந்து, என்ன ஆயிற்று என்று பத்திரப்பதிவு நடையில் ஒரு அறிக்கை வரும்.

"ஆபீஸ்ல எட்டு மணி நேரம் எக்ஸெல் பாத்துட்டு, வீட்டுக்கு வந்தும் எக்ஸெலா?" என்றாள் மனைவி. நியாயமான கேள்விதான். ஆனால் ஆபீஸ் எக்ஸெலில் யாருக்கும் முட்டி போவதில்லை.

எனக்குக் கிடைத்தது வேறு மாநிலத்துக்கு மாற்றலாகிப் போன ஒருவர் விட்டுவிட்டுப் போன அணி. 17 ஆட்டத்தில் 3 வெற்றி. அமெரிக்க ஃபுட்பாலில் ஒரு தர்மம் உண்டு: தோற்றவனுக்கு முதல் பந்தி. கல்லூரியிலிருந்து வரும் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில், போன வருஷம் மோசமாக ஆடிய அணிதான் முதலில் கை வைக்கும். 1936-லிருந்து நிஜ லீகில் இதுதான் வழக்கம். எங்கள் லீகிலும் அதேதான். எனக்கு இரண்டாவது இடம். என்னைவிட மோசமாக ஒருவன் ஆடியிருக்கிறான் என்பதே அன்றைக்குப் பெரிய ஆறுதல்.

அணிக்கு என்ன தேவை என்பதில் சந்தேகமே இல்லை. குவாட்டர்பேக்குக்கு முன்னால் சுவர் மாதிரி நிற்க வேண்டிய ஐந்து தடியர்கள். என்னிடம் இருந்த ஐந்து பேரும் சுவர் இல்லை. மணிகள் கோத்த திரை. எதிராளி லேசாக விலக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடுவான். ஒரு சீட்டில் "தடியன், தடியன், தடியன்" என்று எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

என் முறை வந்தபோது பட்டியலில் ஒரு வரி பச்சையாக மின்னியது. வேகம் 96.

நூற்றுக்குத் தொண்ணூற்றாறைப் பார்த்தால் தமிழ் வீட்டில் வளர்ந்தவனுக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அதே வரியில் 'கை 34' என்றும் இருந்தது. பார்த்தேன். கணக்கில் 96 வாங்குகிற பிள்ளைக்குச் சமூக அறிவியலை டியூஷன் வைத்துச் சரிபண்ணிவிடலாம் என்று எடுத்துக்கொண்டுவிட்டேன். இரண்டாம் சுற்றில் ஆறடி ஐந்து அங்குலத்தில் ஒருவன். எல்லா எண்ணும் சுமார், ஆனால் 'எதிர்காலம்' என்ற பட்டை மட்டும் நீளமாக இருந்தது. ஏழாவது சுற்று, கடைசிச் சுற்று, வரும்போது மணி ஒன்றரை. கண் சொருகியது. கம்ப்யூட்டரே ஒருவனைத் தேர்ந்தெடுத்து என் தலையில் கட்டிவிட்டது. அவனும் ரிசீவர். வேகம் 42. கை 88.

கம்ப்யூட்டர் இவர்களுக்கு வைத்திருந்த பெயர்கள் வாயில் நுழையவில்லை. பெரியவன், நடுவுலவன், சின்னவன் என்று மனைவி பெயர் வைத்தாள். வைத்த கையோடு பெரியவனின் வரியைப் படித்துவிட்டுக் கேட்டாள்: "என்னங்க, இவ்வளவு வேகமா ஓடறான், பிடிக்க வராதுன்னு போட்டிருக்கே. அப்புறம் எதுக்கு ஓடறான்?"

இந்தக் கேள்வியை டெட்ராய்ட்டில் யாராவது 2003-இல் கேட்டிருக்கலாம். அடுத்த வீட்டுத் தாத்தா கார் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டெட்ராய்ட்டின் லயன்ஸ் அணிக்குப் பரம்பரை ரசிகர். மறுநாள் காலையில் இருவரும் அவரவர் வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது மூன்று ரிசீவர் எடுத்த கதையைச் சொன்னேன். மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார். லயன்ஸ் 2003-இல் முதல் சுற்றில் ஒரு ரிசீவரை எடுத்தது. 2004-இல் இன்னொருவர். 2005-இல் இன்னும் ஒருவர். வரிசையாக மூன்று வருஷம். 2008-இல் அதே அணி 16 ஆட்டம் ஆடி 16-லும் தோற்றது. தாத்தா அதையெல்லாம் கோபமாகச் சொல்லவில்லை. பழைய அறுவை சிகிச்சைத் தழும்பைக் காட்டுகிறவர் மாதிரி, ஒவ்வொரு வருஷமாக, விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். கடைசியில் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். துக்க வீட்டில் தட்டுவது போல.

பயிற்சி முகாம் வந்தது. டிராஃப்ட் அன்று நமக்குக் காட்டும் எண்கள் நிஜ எண்கள் இல்லை. நம் ஒற்றர்கள் குத்துமதிப்பாகச் சொல்வது. ஜாதகத்தோடு வரும் போட்டோ மாதிரி. முகாம் முடிந்ததும்தான் உண்மை முகம் தெரியும். பெரியவனின் கை 34-லிருந்து 29 ஆயிற்று. நடுவுலவனின் எதிர்காலம் ஒரு அங்குலம் சுருங்கியது. சின்னவன் அப்படியே இருந்தான். அவனைப் பற்றிப் பொய் சொல்ல ஒற்றர்களுக்குக்கூடத் தோன்றவில்லை.

அதன் பிறகு தினமும் ராத்திரி சரித்திரம் படிக்க ஆரம்பித்தேன். பரீட்சையில் கோட்டை விட்ட பிள்ளையின் அப்பா, சின்ன வயசில் மக்காக இருந்த மேதைகளைத் தேடிப் படிப்பாரே, அந்த ரகம். ஜெர்ரி ரைஸ், கொத்தனாரின் மகன். அண்ணன் தம்பிகள் எறிந்த செங்கல்லைப் பிடித்துப் பழகிய கை. 1985-இல் புதுமுகமாக வந்து கைக்கு வந்த பந்தையெல்லாம் நழுவவிட்டு, சொந்த அணி ரசிகர்களிடமே ஊளை வாங்கினார். ஓய்வு பெறும்போது 1,549 பந்து பிடித்திருந்தார். இன்றைக்கும் அந்தக் கணக்கை யாரும் தொடவில்லை. இந்தப் பக்கத்தை மனைவிக்குச் சத்தமாகவே படித்துக் காட்டினேன்.

இன்னொருவர் ஜமார் சேஸ். 2021-இல் சின்சினாட்டி அணிக்கு வந்தவர், சீசனுக்கு முந்தைய ஆட்டங்களில் பந்தைப் போட்டுக்கொண்டே இருந்தார். ஏனப்பா என்றால், கல்லூரிப் பந்தில் வெள்ளைக் கோடு இருக்கும், இந்தப் பந்தில் கோடு இல்லையே, கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஊரே சிரித்தது. சீசன் தொடங்கியது. 1,455 கஜம். கூடம் நிஜமாகவே கோணலாகத்தான் இருந்திருக்கிறது.

ஜான் ராஸ் பக்கத்தை மட்டும் தனியாகப் படித்தேன். 2017-இல் 40 கஜத்தை 4.22 விநாடியில் ஓடி அன்றைய சாதனையை முறியடித்தவர். அந்த ஓட்டத்தைப் பார்த்து ஒன்பதாவது ஆளாக எடுத்தார்கள். முதல் சீசன் முழுவதும் அவர் பிடித்த பந்து: பூஜ்யம். அந்தச் சன்னலை மூடிவிட்டு விளக்கை அணைத்தேன்.

என் பெரியவன் பூஜ்யம் இல்லை; ஏழு. நாற்பது சொச்சம் தடவை அவனை நோக்கி வீசி, ஏழு. அறிக்கையில் அவன் வரிகள் எல்லாமே ஒரே மாதிரி இருக்கும்: "இரண்டாவது டவுன், 8 கஜம் பாக்கி. இடது ஓரம் நீள வீச்சு. ஆள் தனியாக. கையில் பட்டது. விழுந்தது." அந்த 'ஆள் தனியாக' இருக்கிறதே, அதுதான் வயிற்றெரிச்சல். துரத்திய தடுப்பாளர்கள் எல்லாம் பத்தடி பின்னால். சுற்றிலும் ஈ காக்கை இல்லை. கடைசி இலைக்குப் பாயசம் வந்தேவிட்டது, இலையில் ஓட்டை.

நடுவுலவனுக்கு மூன்றாவது ஆட்டத்தில் முட்டி போயிற்று. அப்போது நான் அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஐயோ, முட்டி!" என்று கத்திவிட்டேன்.

"யாருக்குடா முட்டி?" தஞ்சாவூரில் விடிகாலை. அம்மாவின் குரலில் தூக்கம் போய்விட்டது.

"நம்ம டீம் பையன்மா. நடுவுலவன்."

"எந்த ஊரு?"

"ஊரெல்லாம் இல்லம்மா. கம்ப்யூட்டர்ல இருக்கான்."

"நீயும்தான் கம்ப்யூட்டர்ல இருக்க. அதுக்காக ஊரு இல்லாமப் போயிடுமா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்பா அம்மா உண்டா என்று அடுத்துக் கேட்டாள். இல்லை என்றேன். பாவம் என்று சொல்லி, அந்த வாரம் வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போனபோது அவனுக்கும் சேர்த்து ஒரு அர்ச்சனை செய்துவிட்டாள். நட்சத்திரம் கேட்டதற்கு "வெளிநாட்டுப் பையன், சாமி பேருக்குச் செய்யுங்க" என்றாளாம். எட்டு வாரம் என்று போட்டிருந்தவன் ஆறு வாரத்தில் திரும்பி வந்தான். கமிஷனரிடம் நான் வாயே திறக்கவில்லை. வெளியிலிருந்து உதவி பெற்றதாக அபராதம் போட்டாலும் போடுவான்.

இந்த அமளியில் சின்னவனை யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட. முட்டி போனவன் இடத்தில் வேறு ஆள் இல்லாமல்தான் இறக்கினேன். என் மணித்திரை வழியாக எதிராளிகள் உள்ளே வர இரண்டு விநாடி ஆகும். அதற்குள் பெரியவன் மைதானத்தின் அந்தக் கோடியில் இருப்பான்; அங்கே வீச நேரமே இருக்காது. சின்னவனோ ஆறு கஜம்கூடத் தாண்டியிருக்க மாட்டான். குவாட்டர்பேக் உயிர் பயத்தில் கண்ணில் பட்டவனிடம் பந்தைத் தள்ளிவிடுவான். கண்ணில் பட்டவன் எப்போதும் சின்னவன். ஆறு கஜம், ஐந்து கஜம், ஏழு கஜம். வேகம் இல்லாததாலேயே தப்பித்தவன். சீசன் முடிவில் 83 பந்து. 2023-இல் ராம்ஸ் அணியின் பூக்கா நகூவா 177-ஆவது ஆளாக எடுக்கப்பட்டு, புதுமுக வருஷத்திலேயே 105 பந்து பிடித்து அதுவரை இருந்த சாதனையை உடைத்தாரே, அதுபோல என்று ஆபீசில் சொல்லிக்கொண்டேன். இதில் என் பங்கு அன்றைக்குத் தூங்கிப்போனது மட்டும்தான் என்பதைச் சொல்லவில்லை.

ஆறு வெற்றி. முன்னேற்றம்தான்.

அடுத்த சீசன் தொடங்கும்முன் அணியை 53 பேராகக் குறைக்க வேண்டும். 54 பேர் இருந்தார்கள். பெரியவன் வரியில் ஒரு சிவப்பு பட்டன், அழுத்தினால் "உறுதியாகவா?" என்று கேட்கிறது. மூன்று நாள் உறுதியாக இல்லை. நாலாம் நாள் ராத்திரி மனைவி தூங்கிய பிறகு அழுத்தினேன். எந்தச் சத்தமும் வரவில்லை. வரி மறைந்து கீழே இருந்தவர்கள் ஒரு படி மேலே ஏறினார்கள், அவ்வளவுதான். டேட்டாபேஸ் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவன் மறுநாளே அவனை எடுத்துக்கொண்டான்.

ஐந்தாவது வாரம் அந்த அணியோடு எங்களுக்கு ஆட்டம். புதன் ராத்திரி மனைவியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கடைசிக் கால் பகுதி வரை நாங்கள் 4 புள்ளி முன்னே. அப்புறம் அந்த வரி வந்தது: "மூன்றாவது டவுன், 11 கஜம் பாக்கி. இடது ஓரம் நீள வீச்சு. ஆள் தனியாக. பிடித்தார். 61 கஜம். டச்டவுன்."

பெயரைப் பார்த்தேன். வாயில் நுழையாத அதே பெயர்.

பக்கத்தில் கைதட்டல் கேட்டது. திரும்பினேன்.

"என்ன அப்படிப் பாக்கறீங்க? பிடிச்சுட்டாங்க, பெரியவன்!"

"அவன் இப்ப எதிர் டீம். நாம தோத்துட்டோம்."

"அதுக்கென்ன இப்ப?" என்று சொல்லிவிட்டு, அந்த வரியைக் கொஞ்சம் பெரிசாக்கிக் காட்டச் சொன்னாள்.