அரை ஜாண் வீரர்கள்

எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள அக்காவுக்கு,

அரூர்ப் பெண் வீட்டார் என் போட்டோவில் என்னை விட்டுவிட்டு, பின்னால் இருக்கும் கண்ணாடி அலமாரியைத்தான் பார்த்தார்களாமே. "பையனுக்கு ஏற்கெனவே குழந்தை குட்டி ஏதாவது உண்டா?" என்று தரகரிடம் கேட்டதும், "அதெல்லாம் ஹவுஸ் ஓனர் சாமான்" என்று அம்மா சமாளித்ததும் போனில் கேட்டேன். அம்மாவிடம் சொல்: அது என் சாமான். இந்த தேசத்தில் என் பேரில் இருக்கிற ஒரே சொத்து அதுதான். ஸ்பைடர்மேன், வோல்வரின், ஹல்க், இன்னும் பல பேர். எல்லாரும் மூணே முக்கால் அங்குல வரிசை.

சொத்து என்றதும் மாமா சிரிப்பார். அவருக்கு ஒரு கோர்ட் கேஸ் சொல்கிறேன், அவருக்குத்தான் வாய்தா, தீர்ப்பு என்றால் காபி கூட வேண்டாமே. அமெரிக்கச் சுங்கத்தில் ஒரு விதி இருந்தது. பொம்மை மனித உருவமாக இருந்தால் 12 சதவீத வரி. மிருகம், பூதம், மனுஷன் அல்லாத எதுவாக இருந்தாலும் 6.8 சதவீதம்தான். வோல்வரின் இருக்கிற எக்ஸ்-மென் கூட்டத்துப் பொம்மைகளை இறக்குமதி செய்த டாய் பிஸ் கம்பெனி, "ஐயா, எங்கள் ஆட்கள் மனுஷங்களே கிடையாது" என்று வழக்குப் போட்டது. 2003-ல் சர்வதேச வர்த்தக நீதிமன்ற நீதிபதி ஜூடித் பார்சிலே, கையிலிருந்து நகம் முளைக்கிற வோல்வரினையும் மற்றவர்களையும் பரிசீலித்து, "ஆமாம், மனுஷங்க இல்லை" என்று தீர்ப்பு எழுதினார். இதில் கொடுமை என்னவென்றால், 1963-லிருந்து எக்ஸ்-மென் கதையே "நாங்களும் மனுஷங்கதான், எங்களை ஒதுக்காதீங்க" என்பதுதான். அவர்களைப் பெற்ற மார்வெலும் அந்த டாய் பிஸ்ஸும் அப்போது ஒரே குடும்பம். சொந்த வீட்டுக்காரரே கோர்ட்டில் நின்று பிள்ளைகளை மனுஷ ஜாதியிலிருந்து தள்ளிவைத்துவிட்டார்கள். மிச்சம் 5.2 சதவீதம்.

இதைப் படித்ததிலிருந்து யாரைப் பார்த்தாலும் வரி போடத் தோன்றுகிறது. ராமர் 12. அனுமார் 6.8. அனுமார் கங்கைத் தீர்த்தம் கொண்டுவர நேரமானதால் ராமர் நம் மலையில் பாணம் விட்டுத் தனியாக ஒரு தீர்த்தம் உண்டாக்கிக்கொண்டார், வந்து பார்த்த அனுமார் கோபத்தில் வீசியெறிந்த தண்ணீர் விழுந்த இடம்தான் அனுமந்தீர்த்தம் என்று தாத்தா சொல்வாரே, அந்தக் கோபத்துக்காகவாவது அவருக்கு 12 போடலாம். சட்டம் விடாது, வால் இருக்கிறது. பிள்ளையார் 6.8. முருகன் ஒருமுகமாக நின்றால் 12, ஆறுமுகமாக மயிலேறினால் 6.8. ராவணனைப் பெட்டியைப் பிரிக்காமலே விட்டுவிடுவார்கள். நம் சித்தப்பா சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் 12, அதற்கு மேல் 6.8. சித்தியைக் கேட்டால் காலையிலிருந்தே 6.8 என்பாள்.

என் கணக்கும் கேள். இங்கே வருமான வரி விஷயத்தில் என்னைப் போன்றவனுக்கு அரசாங்கம் வைத்திருக்கும் பேர் 'ரெசிடென்ட் ஏலியன்'. வேற்றுக்கிரகவாசி, ஆனால் குடியிருக்கிறவன். சுங்க விதிப்படி பார்த்தால் நான் 6.8-ல்தான் வரவேண்டும். பிடிக்கிற வரி மட்டும் முழு மனுஷனுக்கு உண்டானது.

ஏன் இத்தனை சின்னதாக வாங்குகிறாய் என்று நீ கேட்டாய் அல்லவா? 1978-ல் கென்னர் கம்பெனி ஸ்டார் வார்ஸ் பொம்மைகளை இந்த அளவில் செய்தது. ஆள் ஓரடி உயரம் இருந்தால் அவன் ஏறுகிற விண்கலம் கட்டில் அளவு வரும், அதனால் ஆளைச் சுருக்கிவிட்டார்கள். மார்வெல் ஆட்களை 2009-லிருந்து ஹாஸ்ப்ரோ கம்பெனி இதே அளவில் வரிசையாகக் கொண்டுவந்தது. இப்போது எல்லாரும் ஆறங்குலத்துக்குத் தாவிவிட்டார்கள். முகம் தெளிவு, மூட்டுகள் அதிகம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆறங்குலம் வாங்குகிறவர்கள் சொந்த வீட்டுக்காரர்கள். என் விசாவில் வேலை போனால் 60 நாள், அதற்குள் வேறு கம்பெனி கிடைக்காவிட்டால் 23 கிலோ பெட்டி இரண்டோடு விமானம் ஏற வேண்டும். போன மாசம் பக்கத்து சீட்டுக்காரனுக்கு வேலை போன கடிதம் வந்தது. வாங்கி வருஷம் ஆகாத சோபாவை ரோட்டோரம் வைத்துவிட்டு, "யாருக்காவது வேணும்னா எடுத்துக்கோங்க" என்று சீட்டு ஒட்டிவிட்டுப் போனான். மழையில் அது ஊறிக்கொண்டிருந்ததை ரெண்டு நாள் பார்த்துக்கொண்டே ஆபீஸ் போனேன். என் ஆட்கள் மொத்தப் பேரும் ரெண்டு செருப்பு டப்பாவுக்குள் அடங்குவார்கள். இதை அம்மாவிடம் சொல்லாதே, விரதம் ஆரம்பித்துவிடும்.

நான் சும்மா வாங்கி அடுக்குகிறவன் இல்லை, ரிவ்யூவும் எழுதுகிறேன். கணுக்கால் தளர்வா, ஒற்றைக் காலில் நிற்கிறானா, கண்ணின் வெள்ளை கன்னத்தில் வழிந்திருக்கிறதா, எல்லாம் பார்க்க வேண்டும். தாத்தா சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பாரே, அதே வேலைதான். போன வாரம் வந்த ஸ்பைடர்மேனுக்கு இடது முழங்கால் உள்பக்கம் வளைந்திருந்தது. டம்ளரில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, காலை மட்டும் உள்ளே விட்டு, பிளாஸ்டிக் இளகியதும் விரலால் நிமிர்த்தி, ஐஸ் தண்ணீரில் முக்கிவிட வேண்டும். நிமிர்ந்த வாக்கிலேயே இறுகிவிடும். அந்த நேரம் பார்த்து சமையலறைக்கு வந்த விசாகப்பட்டினத்து ரூம்மேட், டம்ளரிலிருந்து தலைகீழாக எட்டிப் பார்க்கிறவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எனக்கு டீ வேண்டாம்" என்று சொல்லிப் போய்விட்டான்.

அலமாரியில் மேல்தட்டில் தனியாக நிற்கிறவன் சூப்பர்ஹீரோ இல்லை, ஜி.ஐ. ஜோ பட்டாளத்துக்காரன். ஃபன்ஸ்கூல் செய்தது. டயர் செய்கிற எம்.ஆர்.எஃப். 1987-ல் ஹாஸ்ப்ரோவோடு சேர்ந்து ஆரம்பித்த, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனி. நம் ஊர்ப் பட்டாளத்தானுக்கு அவர்கள் அடித்த கலர் அமெரிக்காவில் கிடையாது. அதனாலேயே இங்கே வெள்ளைக்காரர்கள் அவனுக்காக அடித்துக்கொள்கிறார்கள். அரூர் பஸ் ஸ்டாண்டு எதிர்க் கடையில் கம்பியில் தொங்கினானே, அவனேதான். சின்ன வயதில் கேட்டபோது, மரவள்ளிப் பணம் வரட்டும் என்றார் அப்பா. பணம் வந்தது, மோட்டார் காயில் எரிந்தது, மீதி உனக்குத் தெரியும். இங்கே ஒருவரிடம் டாலர் கொடுத்து வாங்கி, அட்டையைத் திருப்பினால் சென்னை விலாசம். இடுப்புக்குள் இருக்கிற ரப்பர் வளையம் மக்கிப்போய், எடுத்ததும் மேல் உடம்பு ஒரு கையில், கால்கள் ஒரு கையில். குழாய்ச் சாமான் கடையில் அதே அளவு வளையம் வாங்கிப் போட்டுச் சேர்த்துவிட்டேன். விலையை அப்பாவிடம் சொல்லாதே. அந்தப் பணத்துக்கு மோட்டாரை ரெண்டு தடவை காயில் கட்டலாம்.

உன் சின்னவனுக்கு ஒரு ஸ்பைடர்மேன் அனுப்பியிருக்கிறேன். டப்பாவோடு பத்திரமாக வை என்று சொல்ல மாட்டேன், பிரித்து விளையாடட்டும். ஒரு சின்னக் கவரில் உபரிக் கைகள் இருக்கும், குப்பை என்று பெருக்கித் தள்ளிவிடாதே. மாசித் திருவிழாவுக்கு மலை ஏறும்போது மட்டும் அவன் கையில் கொடுத்து அனுப்பாதே. குரங்கு பிடுங்கிக்கொண்டு ராமர் தீர்த்தத்துக்கு மேலே போய் உட்கார்ந்துவிட்டால் மாமாதான் பாறை ஏற வேண்டும். அவர் முழங்காலை வெந்நீரில் முக்கி நிமிர்த்த முடியாது.

இப்படிக்கு,
உன் தம்பி