கிலோ மாஸ்ரர்

யாழ்ப்பாணத்தில் பிள்ளைக்கு விசா கிடைத்தால் வீட்டார் அதை வெளியில் விடமாட்டார்கள். கண்ணூறு படும், கடன் கேட்டு வருவார்கள், கடைசி நேரத்தில் ஏதும் குழம்பிவிடும் என்று காரணங்கள் பல. பக்கத்து வீட்டுக்கும் மூச்சு விடாமல் பொத்தி வைத்திருக்கும் அந்தச் செய்தியை ஒரே ஒருவரிடம் மட்டும் சொல்லத்தான் வேண்டும். அவர் கிலோ மாஸ்ரர். அவர் இல்லாமல் பெட்டி கட்ட முடியாது.

கிலோ மாஸ்ரர் இணுவிலிலும் இருப்பார், கரவெட்டியிலும் இருப்பார், ஊர்காவற்றுறையிலும் இருப்பார். பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் அல்ல. அநேகமாகச் சங்கக்கடை மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கூப்பனுக்குச் சீனி நிறுத்து நிறுத்துப் பழகிய கை. கொக்கியில் தூக்கி நிறுக்கும் சின்ன எலெக்ரோனிக் தராசு ஒன்று எப்போதும் சட்டைப் பைக்குள் கிடக்கும். அதைத் தொட அவருடைய மனிசிக்கும் அனுமதியில்லை.

"எந்த நாடு? எந்தப் பிளேன்?"

முதற்கேள்வி அதுதான். படிக்கப் போகிறாயா, கலியாணம் முடித்துப் போகிறாயா என்பதெல்லாம் அவருக்குத் தேவையற்ற விஷயம். கனடா என்றால் பெட்டிக்கு 23 கிலோ, இரண்டு பெட்டி என்று ஊரே சொல்லும். மாஸ்ரர் ரிக்கற்றை வாங்கி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, எழுத்தெழுத்தாக வாசித்த பிறகுதான் வாய் திறப்பார். "மலிவு ரிக்கற் எடுத்திருக்கிறியள். ஒரு பெட்டிதான் விடுவான்." வீட்டில் எழவு விழுந்த அமைதி.

அடுத்ததாக, ரவுனில் வாங்கிய புதுப் பெட்டி தராசில் தொங்கும். "வெறும் பெட்டியே அஞ்சு கிலோ. தம்பி, உதில நீ பெட்டியை மட்டும்தான் கொண்டு போகலாம்."

நாட்டுக்கு நாடு சட்டம் அவர் நாக்கில் நிற்கும். பிரான்ஸ், ஜேர்மனி என்றால் இறைச்சியும் பால் சாமானும் போகாது. ஆச்சி உருக்கிய நெய் வீட்டிலேயே நிற்கும். மீன் 20 கிலோ வரைக்கும் விடுவான், ஆகவே குடல் எடுத்த கருவாட்டுக்குத் தடையில்லை. டுபாய் என்றால் கசகசாவைத் தொடவே கூடாது. அவுஸ்திரேலியாவென்றால் புழுக்கொடியலையும் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். "எழுதினா, மிஞ்சிப்போனா சாமான் போகும். ஒளிச்சா சாமானும் போகும், தண்டமும் கட்டவேணும்." பாஸ்போட், பிறப்புச் சான்றிதழ், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு எல்லாம் கைப்பைக்குள். "பெட்டி துலைஞ்சா மிளகாய்த்தூள்தான் போகும். உது துலைஞ்சா ஆளே இல்லை."

இந்த ஞானம் அவருக்குச் சும்மா வந்ததல்ல. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் எது யாழ்ப்பாணத்துக்குள் வரும், எது வராது என்று மனப்பாடமாக வைத்திருந்த தலைமுறை அது. "அப்ப ரோச் பற்றரியை ஊருக்குள்ள விடேல்லை. இப்ப பவர் பாங்கைப் பெட்டிக்குள்ள விடமாட்டான். எங்களுக்கும் பற்றரிக்கும் பொருத்தமேயில்லை" என்று சொல்லி அதைக் கைப்பைக்கு மாற்றுவார். அந்தக் காலத்தில் கிளாலிக் கடனீரேரியைக் கடக்க ஒரு ஷொப்பிங் பையோடு வள்ளம் ஏறிய சனத்துக்கு இப்போது 46 கிலோவும் காணாதாம் என்பது அவருடைய நிரந்தர முறைப்பாடு.

பெட்டி கட்டுகிற அன்று எப்படியோ விஷயம் வெளியில் போய்விடும். ஒழுங்கை முழுக்கப் பார்சலோடு வந்து நிற்கும். "தம்பி, ரொறன்ரோவில என்ரை மகளுக்கு ஒரு சின்னச் சாமான். பாரமே இல்லை" என்று ஒரு மாமி பயித்தம் பணியாரப் பெட்டியை நீட்டுவா.

"பாரமில்லாட்டித் தபாலில போடுங்கோவன்" என்பார் மாஸ்ரர். மாமி முகத்தைத் தொங்கப் போட்டதும் பார்சலை வாங்கி, ஒட்டின செலோரேப்பை உரித்து, எல்லாவற்றையும் வெளியில் கொட்டிப் பார்ப்பார். பணியாரத்துக்குள் இருந்து நெல்லி கிரஷ் போத்தல் ஒன்று எழும்பி வரும். "நீ கட்டாத பொதியை உன்ரை எண்டு எயாப்போட்டில சொல்லாதை" என்று பெடியனுக்குப் புத்தி சொல்லி, பணியாரத்தில் பாதியை மட்டும் ஏற்றுக்கொள்வார். மிச்சப் பாதியும் போத்தலும் மாமியோடு திரும்பும். மாமி அதன் பிறகு ஆறு மாதத்துக்கு அவரோடு கதைக்கமாட்டா.

நிறை கூடினால் அவரிடம் ஒரு வழிதான்: குளிர்ச்சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து ஆளுக்கு மாட்டிவிடுவார். கட்டுநாயக்காவில் உடம்பு அவிகிற வெக்கையில், கழுத்துவரை சிப் இழுத்து, பொக்கற்றுகள் புடைக்க வேர்த்து ஒழுகி ஒரு பெடியன் நின்றால் விசாரிக்கவே தேவையில்லை. மாஸ்ரர் கட்டின ஆள். அந்தப் பொக்கற்றுகளில் ஒன்றில் மோர்மிளகாய், மற்றதில் வேப்பம்பூ வடகம்.

எல்லாம் முடிந்து தராசு 22 காட்டியதும் பூட்டிவிடுவார். "இன்னும் ஒரு கிலோ வைக்கலாமே மாஸ்ரர்?" என்று கேட்டால் காதில் விழாதது போல எழும்பிப் போவார். திறப்பை மட்டும் அம்மாவின் கண்ணில் படுகிற மாதிரி மேசையில் வைத்துவிட்டுப் போவார். எந்த அம்மாவும் வான் வருவதற்கு முன் பெட்டியை ஒருதரம் திறந்து, இடித்த மிளகாய்த்தூளோ ஒடியல் மாவோ இன்னொரு பக்கெற் செருகாமல் விட்டதில்லை என்பது அவருக்குத் தெரியும். அந்த ஒரு கிலோ அம்மாக்களுக்கான ஒதுக்கீடு.

விமான நிலையத்தில் பெட்டி ஏறியதும் முதல் போன் மாஸ்ரருக்குத்தான் போகவேண்டும். "எத்தினை காட்டினது?"

"22.9 மாஸ்ரர்."

போனில் ஒரு பெருமூச்சு. "கொம்மாவுக்கு நிறுக்கத் தெரியாதடா. நூறு கிராமைச் சும்மா அநியாயமாக்கிப் போட்டா."