இல்லை என்று சொல்லாதவர்

கர்ணனுக்குப் பிறகு இல்லை என்ற சொல்லையே அறியாதவர் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் வேளச்சேரிப் பக்கத்துக் கட்டட கான்ட்ராக்டர்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்து, எங்கள் தரைத்தளத்துக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. வடிந்த மறுநாளே வாசலில் வந்து நின்றார். "நாலே நாள் சார், வீட்டைப் புதுசாக்கித் தர்றேன்." அந்த நாலு நாளைத் தெருவில் பதினொரு வீட்டுக்கும் வாரி வழங்கினார். அட்வான்ஸ் வாங்குவதிலும் பாரபட்சம் கிடையாது.

படைபலத்தைக் கேளுங்கள்: ஒரு கொத்தனார், இரண்டு பெயிண்டர், ஒரு வாடகை மோட்டார். அவரிடம் வேலை பார்த்த ஒடிசாப் பையன்கள் ரயில் ஓடத் தொடங்கியதும் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். அதற்காக வந்த வேலையைத் திருப்பி அனுப்புவாரா? எங்கள் வீட்டில் ஏணி, எதிர்வீட்டில் இரண்டு மூட்டை பட்டி, அடுத்த வீட்டில் மண்வெட்டி என்று ஒவ்வொன்றாக இறக்கினார். எல்லார் வீட்டிலும் ஒரே நாளில் வேலை தொடங்கிவிட்டது!

நனைந்த செங்கல் சுவர் காய வாரக்கணக்கில் ஆகும், ஓதம் போகாமல் பட்டி வைத்தால் உப்பு பூத்து உதிரும் என்பார்கள் பழைய மேஸ்திரிகள். நிதானமானவர்கள், பாவம். இவர் சுவரை ஒருதரம் தடவினார். "காஞ்சிடுச்சு சார்" என்றபடியே ஈரக் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டார். பொங்கலுக்குள் பெயிண்ட் அடித்தாயிற்று. மார்ச்சில் அது கொப்பளித்தது. நகம் பட்ட இடமெல்லாம் வெள்ளைத் தூள். கூப்பிட்டுக் காட்டினால், "சுவர் மூச்சு விடுது சார்" என்கிறார். செங்கல்லுக்கு உயிர் கொடுத்த கை அது.

தரையை ஒட்டியிருந்த பிளக் பாயிண்ட்டை இடுப்பு உயரத்துக்கு ஏற்றச் சொல்லியிருந்தேன். 2015 வெள்ளத்திலும் மூழ்கியது அது. புதிதாக வாங்கிவந்து பழைய இடத்திலேயே மாட்டினார். மரபை மதிப்பவர், அடுத்த மழைக்கான வேலையையும் மறக்காதவர்.

போனை எடுக்க மாட்டார் என்று சிலர் பழி சொல்கிறார்கள். அநியாயம். அட்வான்ஸ் கைக்கு வரும்வரை முதல் மணியிலேயே எடுத்தார்.

அந்த ஏணி இன்னும் எங்கள் மாடிப்படிக்கு அடியில்தான் கிடக்கிறது. வேண்டியவர்கள் வந்து எடுத்துப் போகலாம். அவரிடம் கேட்டாலும் இல்லை என்று சொல்ல மாட்டார்.