ஏற்றுமதிப் புணர்ச்சி: தாம்பரம் வட்டார எக்ஸெல் இலக்கணம்

தாம்பரம் சானடோரியத்தில் 1984 முதல் மெப்ஸ் என்னும் ஏற்றுமதி வளாகம் இயங்கி வருகிறது. இந்த ஆய்வுக்கும் அந்த ஏற்றுமதிக்கும் தொடர்பில்லை. வளாகத்துக்கு வெளியே, பல்லாவரம் தொடங்கிப் பெருங்களத்தூர் வரை ஜிஎஸ்டி ரோட்டின் இரு மருங்கிலும் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இயங்கும் சிற்றலுவலகங்களில், பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்து எக்ஸெலுக்கு நாள்தோறும் நடக்கும் ஏற்றுமதியே இங்கு ஆராயப்படுகிறது. (மற்ற ஊர்களுக்கு ஜிஎஸ்டி 2017 ஜூலை 1 அன்றுதான் வந்தது. கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோட்டுக்காரர்களான நாங்கள் அதற்குப் பல தலைமுறை முன்பிருந்தே அதில் மாட்டிக்கொண்டு நிற்கிறோம்.)

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொழுது, மாதத்தின் 10ஆம் தேதி மாலை. மாதாமாதம் தாக்கல் செய்பவர்கள் ஜிஎஸ்டிஆர்-1ஐ 11க்குள் ஏற்றியாக வேண்டும் என்பதால் இப்பொழுதில் தரவுகள் இயல்பாகவே கலக்கமுற்றிருக்கும். களம், குரோம்பேட்டையில் ஒரு மளிகை மொத்த வியாபாரியின் அலுவலகம். உரையாடல் பின்வருமாறு பதிவாயிற்று:

“சார், ரிப்போர்ட் சிஸ்டத்துலயே இருக்கு. ஒரு கிளிக்தான்.”

“அது இருக்கட்டும்மா. எக்ஸெல்ல எடுத்து வாட்ஸ்அப்ல போடு.”

முதலாளி அடுத்த அறையில் இருந்தார்.

சாஃப்ட்வேர் தயாரித்துத் தரும் அறிக்கையை இவ்வட்டாரத்தில் எவரும் நம்புவதில்லை. அதே எண்களை எக்ஸெலில் இறக்கி, மஞ்சள் பூசி, அடியில் தன் கையால் ஒரு ‘சம்’ போட்ட பிறகே அவை எண்களாகின்றன. நான் கண்ட அக்கவுண்டன்ட் அக்கா அந்தக் கூட்டுத்தொகையையும் கால்குலேட்டரில் மறுபடி தட்டிப் பார்த்தபின்தான் “டேலி ஆயிடுச்சு” என்றார். (கணக்கு நேரானால் ‘டேலி’ என்னும் இவ்வழக்கு, 1986இல் கோயங்கா குடும்பத்தார் பெங்களூரில் தொடங்கிய மென்பொருளால் வந்ததென்பர் இளையோர். மூத்த கணக்கப்பிள்ளைகள் மென்பொருள்தான் தங்களிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டது என்பர். நான் மூத்தோர் கட்சி.)

இனி இலக்கணம். நிலைமொழியாகிய சாஃப்ட்வேரும் வருமொழியாகிய எக்ஸெலும் சேர்வது ஏற்றுமதிப் புணர்ச்சி. இதில் இயல்புப் புணர்ச்சி, அதாவது எதுவும் மாறாமல் சேர்வது, உண்டென்று விற்பனைப் பிரதிநிதிகள் கூறுவர். களத்தில் தென்படவில்லை. நன்னூலார் காலத்திலிருந்தே விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். பவணந்தி முனிவர் எக்ஸெலைப் பார்த்ததில்லை என்று நம்புவது கடினம்.

திரிதல் தேதிக்கு உரியது. கணினி அமெரிக்க வழக்கில் அமைந்திருந்தால், 04-07-2024 என்ற ஜூலை பில் ஏப்ரல் 7ஆகத் திரியும். 13 முதல் திரியாது. பதின்மூன்றாம் மாதம் இல்லையாதலால் எக்ஸெல் அதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தென்று இடப்பக்கம் ஒதுக்கிவிடும். ஆக ஜூலையில் முதல் பன்னிரண்டு நாள் வலப்பக்கமும் மற்றவை இடப்பக்கமுமாக, கல்யாணப் பந்தியில் பெண் வீட்டார், பிள்ளை வீட்டார்போல் பிரிந்து உட்காரும். புறனடை: ஜூலை 7 எப்படிப் புரட்டினாலும் ஜூலை 7.

தோன்றலில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எக்ஸெலின் நினைவு 15 இலக்கத்தோடு முடிகிறது. 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை எண்ணாகவே இட்டால் கடைசி இலக்கம் சுழியாகிவிடும். இங்கு பழைய இலக்கம் கெட்டுச் சுழி தோன்றியதா, அந்த இலக்கமே சுழியாகத் திரிந்ததா? எந்தப் பக்கம் தீர்ப்பானாலும் சப்ளையருக்குப் பணம் போய்ச் சேராது. 12 இலக்க இ-வே பில் எண்ணோ நடுவே ஒரு புள்ளியும் கடைசியில் ‘ஈ பிளஸ் 11’உம் தோன்றப் பெற்று நிற்கும். பத்தியைக் குறுக்கினால் எல்லாம் மறைந்து கம்பிவேலி மட்டும் எஞ்சும்.

கெடுதல் மிகக் கொடியது. 2020 இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தில் கொரோனா உறுதியானோர் பட்டியலில் 15,841 பேர் கெட்டனர். பழைய எக்ஸெல் கோப்பில் 65,536 வரிசைக்கு மேல் இடமில்லை. மிஞ்சியவை சத்தமின்றி விழுந்துவிட்டன. அதே ஆண்டில், மார்ச்-1 முதலான மனித மரபணுக்களை எக்ஸெல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், பெயர்க்குழு மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டது. அப்போது எக்ஸெல் மாறவில்லை. வருமொழிக்காக நிலைமொழி பெயர் மாற்றிக்கொண்டதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

குரோம்பேட்டையில் நான் கண்ட கெடுதல் இதைவிடச் சிறியது. வறுத்த காபிக்கொட்டையின் எச்எஸ்என் குறியீடு 0901. சாஃப்ட்வேரில் அப்படித்தான் இருந்தது. சிஎஸ்வி கோப்பாக இறக்கி, அக்கா இரட்டைக் கிளிக் செய்தார். 901. தலைச்சுழி கெட்டது. போர்ட்டலில் 901 என்றொரு பொருளே கிடையாது.

இதற்கு மருந்துண்டு. எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றை இட்டால் எக்ஸெல் அதை எழுத்தென்று கருதிச் சுழியைத் தொடாது. இரண்டு சொல்லுக்கு நடுவே நின்று இணைக்கும் சாரியைபோல, கண்ணுக்குத் தெரியாமல் காக்கும் குறி இது. அக்கா 46 வரிசையிலும் ஒவ்வொன்றாக அந்தக் குறியையும் கெட்ட சுழியையும் இட்டார். கட்டத்தின் மூலையில் பச்சை முக்கோணங்கள் முளைத்தன. “அது அப்படித்தான் சார், கண்டுக்காதீங்க” என்றார். சேமித்தார். மணி எட்டேகால், செங்கல்பட்டு வண்டியைப் பிடிக்க வேண்டுமென்று பையை மாட்டிக்கொண்டார்.

போகுமுன், சரியாகச் சேமிக்கப்பட்டதா என்று பார்க்க, அதே சிஎஸ்வியை ஒருமுறை திறந்தார்.

901.