ஏழு ஏக்கர் சம்பா விமானம் ஏறுது

உக்காரு தம்பி. மருமகளே, நீயும் இப்படி வந்து உக்காரும்மா. நாலு பேரும் கென்யாவுக்கு ஊழியத்துக்குப் போறீங்கன்னு ஊரு பூராவும் தெரிஞ்சாச்சு. சபையில அறிவிப்பு வந்துடுச்சு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிளெக்ஸும் வந்துடுச்சு. பெரியப்பன் வீட்டுக்கு வாறதுக்குத்தான் கொஞ்சம் நாளாயிடுச்சு. பரவாயில்ல, கையில காணிக்கைக் கவரோட வந்திருக்கீங்க. வெறுங்கையோட வந்தாத்தானே சங்கடம்!

பத்து நாளுக்கு நாலு லட்சம் ஆகுதுன்னு சொன்னே. எனக்கு லட்சத்துல கணக்குப் போட வராது, நெல்லுல போட்டுப் பார்த்தேன். 2025-26 பருவத்துக்கு சாதா ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் குடுத்தான் கவர்மெண்டு. நாலு லட்சத்துக்கு 160 குவிண்டால் நெல்லு வேணும். கொள்முதல் நிலையத்து நாப்பது கிலோ சிப்பத்துல 400 சிப்பம். ஏக்கருக்கு 60 சிப்பம் கண்டாலும் ஏழு ஏக்கர் சம்பா மொத்தமா விமானம் ஏறுது. உழவு, நடவு, உரம், அறுப்பு மிஷின் வாடகை ஒண்ணையும் நான் கழிக்கல. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுச்சுன்னு நம்ம நெல்லைத் தள்ளி வெச்சப்ப, ரோட்டோரத்துல தார்ப்பாயை மூடிக்கிட்டு ராத்திரி பூரா காவல் கிடந்தவன் நீ. விமானக் கம்பெனிக்காரன் தங்கமானவன், ஈரப்பதமே பார்க்க மாட்டான்.

மருமக கழுத்துல செயினைக் காணோமே? கூட்டுறவு சங்கத்து லாக்கர்ல பத்திரமா இருக்குமாக்கும். "பூலோகத்துல பொக்கிஷம் சேர்க்காதீங்க"ன்னு போன ஞாயித்துக்கிழமை பிரசங்கம் கேட்டதும் கழட்டிட்டியாம்மா? ஆனா வட்டி பூலோகத்துலதானே ஏறும்? கடன் வாங்கி மகளுக்குக் கல்யாணம் பண்ணுனவனைப் பார்த்திருக்கேன், கடன் வாங்கிக் கிணறு வெட்டுனவனைப் பார்த்திருக்கேன். கடன் வாங்கிச் சுவிசேஷம் சொல்லப் போறவனை இப்பத்தான் பார்க்கிறேன்.

சபை சனத்தையும் குறை சொல்லக் கூடாது. அறுப்பின் பண்டிகை ஏலத்துல ஒத்தை நாட்டுக்கோழி முட்டையை ஐந்நூறு ரூபாய்க்கு எடுத்து, அதையே திரும்பவும் ஏலத்துக்கு விடுற தாராள மனசு அதுக்கு. உனக்காகப் பூசணிக்காயும் வாழைத்தாரும் ஏலம் போனதைப் பார்த்தேன். பூசணிக்காயை எடுத்தவரு வீட்டுல அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு மட்டும் கேக்காதே.

சரி, போற ஊரு விவரம் விசாரிச்சியா? 2019 கணக்கெடுப்புப்படி கென்யாவுல நூத்துக்கு 85 பேருக்கு மேல கிறிஸ்தவங்க. 2011 கணக்கெடுப்புல நம்ம தமிழ்நாட்டுல நூத்துக்கு ஆறு பேரு. நியாயமாப் பார்த்தா அவங்கதான் பெட்டி கட்டிக்கிட்டு இங்க வரணும். ஞாயித்துக்கிழமை அவங்க ஆராதனையில உன்னைப் பாட்டுப் பாடச் சொல்லுவாங்க. ஆட்டமும் பாட்டுமா அவங்க துதிக்கிறதைப் பார்த்தா, யாரு யாருக்கு ஊழியம் பண்ண வந்தாங்கன்னு உனக்கே சந்தேகம் வந்துடும்.

கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம்னு சொல்லுவாங்க. நான் சொல்லல. உன் மாமியார் சொன்னாங்க. அவங்களுக்குக் கண்ணுல புரை வளர்ந்து மாசக்கணக்காச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போக உனக்கு இன்னும் ஒரு நாள் ஒழியல.

கோவிச்சுக்காதே. வெளிதேசத்து ஊழியம்னா என்னான்னு நம்ம சீமைக்குத் தெரிஞ்ச அளவுக்கு வேற சீமைக்குத் தெரியாது. நம்ம காவேரி கடல்ல கலக்குற பக்கந்தான் தரங்கம்பாடி. 1706 ஜூலை 9ஆம் தேதி சீகன்பால்கு, புளூட்சான்னு ரெண்டு மிஷனரிங்க அங்க வந்து இறங்குனாங்க. அனுப்பி வெச்சது டென்மார்க் ராசா. கப்பல்ல ஏழு மாசத்துக்கு மேல ஆச்சு. வந்த உடனே மேடை போட்டாங்களா, மைக் புடிச்சாங்களா? இல்ல. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களோட தரையில உக்காந்து, மணல்ல விரலை வெச்சு அ, ஆ எழுதிப் பழகினாங்க. அந்தத் தமிழ்லதான் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தாரு. அதைத் தரங்கம்பாடியிலயே அச்சுப் போட்டாங்க.

பணக் கஷ்டமும் பட்டாங்கப்பா. அவங்களுக்குன்னு வந்த பணம் தரங்கம்பாடிக் கரைக்குக் கிட்ட வந்து கடல்ல போச்சு. அனுப்பி வெச்ச ராசாவோட அதிகாரியே சீகன்பால்கைப் பிடிச்சு நாலு மாசம் அடைச்சு வெச்சான். உனக்கு வர்ற பெரிய சோதனை, சூட்கேஸ் 23 கிலோவைத் தாண்டுறதுதான். ஊறுகாய் பாட்டிலை எடுத்துட்டா அதுவும் தீந்துடும். சீகன்பால்கு 1719ல நாப்பது வயசு ஆகுறதுக்கு முன்னாலயே போயிட்டாரு. அவரைப் புதைச்சதும் இதே மண்ணுலதான்.

தஞ்சாவூர்ப் பாதிரியார் ஸ்வார்ட்ஸ் ஐயர் கதை உனக்குத் தெரியும். ஆனா பாதிதான் தெரியும். சிவகங்கைக் குளத்தோரக் கோயில்ல இருக்கிற சலவைக்கல்லுச் சிற்பத்துக்கு முன்னால நின்னு செல்பி எடுத்திருக்கே. சரபோஜி ராசா லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மேனைக் கொண்டு செதுக்கி வரவழைச்சது அது. சாகக் கிடக்கிற பாதிரியார் பக்கத்துல ராசா நிப்பாரு. மதம் மாறாத ராசா ஒரு பாதிரியாருக்கு ஏன் சலவைக்கல்லு வெச்சாருன்னு யோசிச்சியா?

ஐதர் அலி படை நம்ம சீமையைச் சூறையாடின காலம். தஞ்சாவூர்க் கோட்டைக்குள்ள பட்டினிச் சாவு. குடியானவன்கிட்ட நெல்லு இருக்கு, ஆனா கோட்டைக்கு ஓட்டிக்கிட்டு வர மாட்டேங்கிறான். ஏற்கெனவே எடுத்ததுக்கே காசு வரலன்னு அவனுக்கு வயித்தெரிச்சல். அப்ப இருந்த ராசா சொல்லியும் நம்பல, வெள்ளைக்காரத் துரைங்க சொல்லியும் நம்பல. ஸ்வார்ட்ஸ் ஐயர் "காசுக்கு நான் பொறுப்பு"ன்னு ஒரு வார்த்தை சொன்னாரு. ரெண்டொரு நாள்ல ஆயிரம் மாட்டுக்கு மேல வந்து நின்னுச்சு, எண்பதாயிரம் கலம் தானியம் சேர்ந்துச்சு, கோட்டை பொழைச்சுது. வந்தவங்களுக்குச் சொன்னபடி காசும் குடுத்தாரு. தஞ்சாவூர்க் குடியானவன் கொள்முதலுக்கு ஒருத்தனை நம்பினான்னா சும்மாவா? அந்த நம்பிக்கை ஒரே நாள்ல முளைக்கல. 1750ல வந்தவரு, 1798ல இங்கேயே கண்ணை மூடுற வரைக்கும் சொந்த ஊருக்குத் திரும்பவே இல்ல. தமிழு, மராத்தி, பாரசீகம், இந்துஸ்தானி எல்லாம் பேசினாரு. நீ பத்து நாள்ல வந்துடுவே. அதுலயும் ஒரு நாள் சஃபாரி போட்டிருக்கேன்னு சின்னவன் சொல்லிட்டான்.

வெள்ளைக்காரன் கதையை விடு, நம்ம ஆளுங்களுக்கு வர்றேன். திருநெல்வேலியில 1903 பிப்ரவரி 12ஆம் தேதி அசரியாவும் அவரு கூட்டாளிகளும் இந்திய மிஷனரி சங்கத்தை ஆரம்பிச்சாங்க. ஆளும் நம்ம ஆளு, பணமும் நம்ம பணம், நிர்வாகமும் நம்ம நிர்வாகம்னு வெச்சாங்க. ஊழியம் தெலுங்குச் சீமையில தோர்ணக்கல்லுல. தமிழ் பேசுற ஆளு தெலுங்கு படிச்சுக்கிட்டுப் போனான். அசரியாவும் பின்னால அங்கேயே போயி, 1912ல அந்த ஊருக்கே பிஷப் ஆனாரு.

அதனால நான் சொல்றதைக் குறிச்சுக்க. முதல் விஷயம், மஞ்சள் காய்ச்சல் ஊசி. சென்னையில கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடுவாங்க. கிளம்புறதுக்குக் குறைஞ்சது பத்து நாளைக்கு முன்னால போட்டுக்கணும். ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் செல்லும். ஊசி போட்டதுக்கான அட்டை இல்லாம திரும்பி வந்தா, நம்ம விமான நிலையத்துலயே புடிச்சு ஆறு நாள் வரைக்கும் தனியா வெச்சுடுவாங்க. அப்புறம் அதையும் சாட்சியாச் சொல்லிக்கிட்டுத் திரிவே.

ரெண்டாவது, காகிதத்துல சுற்றுலான்னு எழுதிட்டு அங்க போயி கூட்டம் நடத்தாதே. உன்னை அழைச்ச சபைக்காரங்ககிட்ட எந்த அனுமதி வேணும்னு கேட்டு, அதையே வாங்கு. சத்தியத்தைச் சொல்லப் போறவன் முதல் பாரத்துலயே பொய் எழுதக் கூடாது பாரு.

மூணாவது, சுவாஹிலி படி. பாட்டு வேண்டாம், "சாப்பிட்டீங்களா?", "உடம்பு எப்படி இருக்கு?"ன்னு கேக்கத் தெரிஞ்சா போதும். பலூனும் மிட்டாயும் குடுத்து, அங்கத்துப் பிள்ளைங்களை மடியில வெச்சுப் படம் புடிச்சுப் போடாதே. உன் பிள்ளையை எவனாவது அப்படிப் படம் புடிச்சா அருவாளை எடுப்பே நீ.

நாலாவது, அதுதான் முக்கியம். அங்க மூவேயான்னு ஒரு ஊரு இருக்கு. நம்மளை மாதிரியே வாய்க்கால் வெட்டி நெல்லுப் போடுற ஊரு. அங்க வெளையுற பிஷோரி அரிசிக்கு பாசுமதிதான் பூர்வீகம். உனக்குப் பிரசங்கம் சுமாராத்தான் வரும். ஆனா நாத்து விடவும், தண்ணி கட்டவும், குருத்துப்பூச்சி விழுந்தா தூரத்துல இருந்தே சொல்லவும் உன்னை மாதிரி இந்த வட்டாரத்துல ஆளு கிடையாது. சஃபாரியை விட்டுட்டு அங்க போயி, வயல்ல இறங்கி நில்லு. அவங்க உனக்குக் கத்துக் குடுப்பாங்க, நீ அவங்களுக்குக் கத்துக் குடு. ஜெபம் தன்னால வரும்.

என் தீர்ப்பு இதுதான். செயினை மீட்டு மருமக கழுத்துல போடு. மாமியார் கண்ணுக்கு ஆபரேஷனை முடி. நாலு பேரு போகாம நீ மட்டும் போ, அதுவும் பத்து நாளு இல்லாம, நடவுல இருந்து அறுப்பு வரைக்கும் இருந்துட்டு வா. அப்படின்னா உன் டிக்கெட்டுக்கு என் பங்கா அம்பது சிப்பத்தோட காசு தர்றேன். இல்ல, பழைய திட்டந்தான்னா, கவரை இப்படிக் குடு, நூறு ரூபாய் வெச்சுத் தர்றேன். அதுக்கு ரசீது வேணும்.