வெளிநாற்காலியியல்: சிங்கப்பூர்ச் சூழலில் ஒரு முன்னாய்வு

வெளிநாற்காலி என்பது வெளியில் போட்டு உட்காருவதற்காக மரத்தில் செய்துகொள்ளப்படுவது. இந்த வரையறையில் ‘நாற்காலி’ தொல்லை தருவதில்லை. நான்கு கால் இருந்தால் போதும். சிங்கப்பூரில் சிக்கலெல்லாம் ‘வெளி’யில்தான்.

1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டம், வீடுகளின் முன்னால் கூரையிட்ட நடைவழி தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்றது. ஐந்தடி நடைபாதை எனப் பெயர்பெற்ற அதுவே லிட்டில் இந்தியாவின் திண்ணை. பூக்கட்டுபவரின் முக்காலிக்கு இடம் தந்தது அதுதான். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக்காரருக்கு வாய்த்தது தாழ்வாரம். அதில் 1.2 மீட்டர் வழி எந்நேரமும் தடையின்றி இருக்க வேண்டும் என்பது தீப்பாதுகாப்பு விதி. ஆகவே, தாழ்வாரத்தின் அகலத்தில் 1.2ஐக் கழித்தால் வருவதே நாற்காலி அடைக்கக்கூடிய இடம். 1.5 மீட்டர் தாழ்வாரத்தில் 30 சென்டிமீட்டர் தேறும். உட்காருபவர் குழந்தையாக இருத்தல் நலம். அமெரிக்காவின் வெஸ்ட்போர்ட்டில் 1903இல் தாமஸ் லீ வடிவமைத்த, அகன்ற கைப்பிடி கொண்ட அடிரோண்டாக் வகை இந்தக் கணக்கில் அடங்காது. தோட்டத்துரைகள் கால்நீட்டிக் கிடந்த சாய்வு நாற்காலியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மரங்களுள் தலையாயது செங்கால். கரையான் எளிதில் தீண்டாத கனத்த மலாயா மரம். பெயரைக் கேட்டதும் ‘சிவந்த கால்’ எனப் பிரித்து, நாற்காலிக்கென்றே பிறந்த மரம் என்று தமிழ்மனம் முடிவுகட்டிவிடும். சொல் மலாய். ஆய்வாளர் வழுக்கி விழும் இடம் இது. நடைமுறையில் கைக்குக் கிடைப்பது, புளோக்கின் கீழே யாரோ கழித்துப்போட்ட கட்டிலின் சட்டமே.

வேலைக்கு உகந்த நாள் எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வீவக விதிப்படி ஞாயிறன்றும் பொது விடுமுறையிலும் புதுப்பிப்புப் பணி கூடாது. வீட்டுத் தச்சருக்கு ஓய்வு கிடைப்பதோ அன்றைக்குத்தான். நாற்காலி செய்வது புதுப்பிப்பாகுமா என்பது அறிஞர்களுக்கான கேள்வி. கீழ்வீட்டுக்காரருக்கு அது கேள்வியே இல்லை. ஆதலால் சுத்தியலுக்குச் சனி, உப்புத்தாளுக்கு ஞாயிறு எனப் பிரித்துக்கொள்வது மரபு.

இருக்கைப் பலகைகளுக்கிடையே 6 மில்லிமீட்டர் இடைவெளி விடுவது கட்டாயம். ஆண்டுக்குச் சுமார் 2,100 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது. சாரல் தாழ்வாரத்துக்குள்ளும் வரும். இருபது காசு நாணயத்தளவு நீர் தேங்கினாலே ஏடிஸ் கொசு அங்கே குடும்பம் நடத்தும்.

செய்து முடித்த நாற்காலி ஒரு காலில் ஆடும். தமிழ் முரசின் ஒரு பக்கத்தை எட்டாக மடித்து வைத்தால் ஆட்டம் நிற்கும். காலை அறுத்துச் சரிசெய்ய முயன்றவர்களின் நாற்காலிகள் இன்று மணைப்பலகைகளாக உள்ளன.

தாழ்வாரம் ஒத்துவராத நாற்காலி கீழ்த்தளத்துக்கு இறங்கும். தூணோடு சைக்கிள் பூட்டால் பிணைக்கப்படும். அகற்றச் சொல்லி நகர மன்றத்தின் தாள் ஒட்டப்பட்டதும் மின்தூக்கியில் மீண்டும் மேலேறி, தொலைக்காட்சிக்கு எதிரே மின்விசிறியின் கீழ் நிலைபெறும். அங்கே மழை இல்லை. 6 மில்லிமீட்டர் இடைவெளி வழியாக முறுக்குத் தூள் மட்டும் உதிரும்.