கொள்முதல் ரசீது இல்லாத கணினிகளுக்காக ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: கணினி ஆய்வகப் பொறுப்பாளர், தரைத்தளம் (ஏசி எப்போதாவது ஓடும்).
பெறுநர்: வலையமைப்புப் பாதுகாப்புக் குழுவினர், மூன்றாம் தளம் (ஏசி எப்போதும் ஓடும்).

பொருள்: மெய்நிகர் கணினிகளுக்கு பிரிட்ஜ்டு நெட்வொர்க் அனுமதி கோருதல் – தொடர்பாக.
பார்வை: 'ஒரு போர்ட்டுக்கு ஒரு கணினி' என்ற தங்கள் சுற்றறிக்கை, அதன்மீது எங்கள் கடிதம், அதன்மீது தங்கள் மௌனம், கடைசியாக வந்த படிவம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

மெய்நிகர் கணினி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நிரப்பித் தரச்சொல்லித் தாங்கள் அனுப்பிய படிவம் கிடைத்தது. 'கொள்முதல் ரசீது எண்' என்ற இடத்தில் நின்றுவிட்டோம். 'இருப்புப் பதிவேட்டின் பக்க எண்' என்ற இடத்தில் உட்கார்ந்தேவிட்டோம். கணினியின் மேல் ஒட்டிய சொத்து ஸ்டிக்கரைப் புகைப்படம் எடுத்து இணைக்கவும் என்று கண்டதும், எங்கள் ஆய்வக உதவியாளர், மெய்நிகர் கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளின் விண்டோ தெரியும் இடமாகப் பார்த்து மானிட்டரில் ஒட்டிப் பார்த்தார். விண்டோவை மினிமைஸ் செய்ததும் கணினி போய்விட்டது, ஸ்டிக்கர் மட்டும் நின்றது. தணிக்கையில் கேள்வி வரும் என்று உரித்துவிட்டோம்.

விஷயம் சின்னதுதான். மாணவர்கள் ஆளுக்கொரு மெய்நிகர் கணினியில் லினக்ஸ் நிறுவி, அதில் ஒரு வெப் சர்வரை ஓடவிட்டு, பக்கத்து மேசைக்காரர் அதைத் தன் பிரவுசரில் திறந்து பார்க்க வேண்டும். பாடத்திட்டத்தில் உள்ள பயிற்சி. தாங்கள் அனுமதித்திருப்பதோ, மெய்நிகர் கணினி நிஜக் கணினியின் முகவரிக்குப் பின்னால் ஒளிந்து வெளியே போகும் நாட் முறை மட்டும். விர்ச்சுவல்பாக்ஸில் அந்த முறையை அப்படியே விட்டால் உள்ளே இருக்கும் கணினிக்குக் கிடைக்கும் ஐபி முகவரி 10.0.2.15. பக்கத்து மேசைக்கும் 10.0.2.15. வகுப்பு முழுக்க, முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சுவரை 10.0.2.15. இப்படியொரு சமத்துவத்தை எங்கள் கல்லூரியில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. ஆனால் யாரும் யாரையும் கூப்பிட முடியாது.

பிரிட்ஜ் போட்டால் மெய்நிகர் கணினி தன் சொந்த மேக் முகவரியோடு, அதாவது நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணோடு, நேரே கம்பிக்கு வரும். முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வரிடம் தனக்கென்று ஒரு ஐபி கேட்டு வாங்கும். அங்கேதான் தங்கள் ஸ்விட்ச் விழித்துக்கொள்கிறது. ஒரே போர்ட்டில் இரண்டாவது மேக் முகவரியைக் கண்டதும் போர்ட்டையே மூடிவிடுகிறது. தப்பு செய்தது மெய்நிகர் கணினி. தண்டனை மேசைமேல் இருக்கும் நிஜக் கணினிக்கு. அதைத் திறக்கத் துறைத்தலைவர் கையெழுத்தோடு ஒரு கடிதம் மூன்றாம் தளத்துக்கு ஏற வேண்டும். லிஃப்ட் ஓடும் நாளாக இருந்தால் நல்லது.

'ஒன்று' என்ற அந்த எண்ணைத் தாங்கள் பல அமர்வுகளில் விவாதித்து முடிவு செய்திருப்பீர்கள் என்று நெடுநாள் நினைத்திருந்தோம். பிறகுதான் ஸ்விட்ச்சின் கையேட்டைப் புரட்டினோம். சிஸ்கோ ஸ்விட்ச்சுகளில் போர்ட் செக்யூரிட்டியை இயக்கிவிட்டு வேறெதையும் தொடாமல் விட்டால், அதிகபட்ச எண்ணிக்கை தானாகவே 1. மீறினால் போர்ட்டை மூடுவதும் தானாகவே. யாரும் தொடாமல் விட்ட ஒரு செட்டிங்குக்கு லெட்டர்ஹெட்டும் முத்திரையும் கிடைத்தது இங்கேதான்.

'வைஃபையில் செய்துகொள்ளுங்கள்' என்று வாய்மொழியாகச் சொல்லியனுப்பியிருந்தீர்கள். நன்றி. வைஃபை அக்சஸ் பாயின்ட் தன்னிடம் பதிவு செய்துகொண்ட மேக் முகவரியிலிருந்து வருவதை மட்டுமே ஏற்கும். அந்த ஒரே இணைப்பின் வழியாக இன்னொரு மேக் முகவரி பேச வழக்கமான முறையில் இடமில்லை. அதனால்தான் லினக்ஸ், சாதாரண வைஃபை இணைப்பை பிரிட்ஜில் சேர்க்கச் சொன்னாலே மறுத்துவிடும். விர்ச்சுவல்பாக்ஸ் மட்டும் முகவரியை மாற்றி எழுதி ஏதோ சமாளிக்கிறது. ஆக, தாங்கள் காட்டிய மாற்றுவழியை வைஃபையின் 802.11 தரநிலை தங்களுக்கு முன்பே பெரும்பாலும் மூடிவைத்துவிட்டது.

பாதுகாப்பு என்கிறீர்கள். மேக் முகவரியை எண்ணுவதில் என்ன பாதுகாப்பு? விர்ச்சுவல்பாக்ஸ் தரும் மேக் முகவரி 08:00:27 என்று தொடங்கும். லினக்ஸில் அதே வேலையைச் செய்யும் கேவிஎம் தருவது பெரும்பாலும் 52:54:00. பிடிக்கவில்லையா, விர்ச்சுவல்பாக்ஸ் செட்டிங்ஸில் முகவரிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் புதிது வரும். இரண்டாமாண்டு மாணவனுக்கு இது தெரியும். மறுபக்கம், நாட் முறையில் ஒரு கணினிக்குள் பத்து மெய்நிகர் கணினிகள் ஓடினாலும் தங்கள் திரையில் தெரிவது ஒரே மேக், ஒரே ஐபி. பத்துப் பேரும் ஒரே மே/பா முகவரியில் குடியிருப்பதுபோல. அதில் ஒருவன் வம்பு செய்தால் தங்கள் பதிவேட்டில் வீட்டுக்காரர் பெயர்தான் விழும். பிரிட்ஜில் வருகிறவன் பொய்யோ மெய்யோ தனக்கென்று ஒரு பெயரைச் சொல்லி வருகிறான், அவனைத்தான் விரட்டுகிறீர்கள்.

தங்கள் பயம் முழுக்க வீண் என்று சொல்லமாட்டேன். பயிற்சிக்காக ஒரு மாணவன் மெய்நிகர் கணினியில் டிஹெச்சிபி சர்வரை ஓடவிட்டு அதை பிரிட்ஜில் வைத்தால், ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் முதல்வர் அறைக் கணினியும் அவனிடம் முகவரி வாங்கிக்கொள்ளலாம். முதல்வரின் இன்டர்நெட் முழுக்க அவன் கணினி வழியாகப் போகலாம். ஒரே நெட்வொர்க்குக்குப் போகும் இரண்டு கம்பிகளை ஒரே பிரிட்ஜில் சேர்த்துவிட்டாலோ இன்னும் மோசம். ஈதர்நெட் ஃபிரேமுக்கு ஆயுள் எண்ணிக்கை கிடையாது. சுழல ஆரம்பித்தால் நெட்வொர்க்கே படுக்கும்வரை சுழலும். இந்தச் சுழலைத் தடுக்கத்தான் ராடியா பெர்ல்மன் 1985-இல் ஸ்பேனிங் ட்ரீயை வகுத்தார். லினக்ஸ் பிரிட்ஜில் அது இயல்பாக அணைந்தே இருக்கும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இதற்கெல்லாம் மருந்தும் இருக்கிறது. ஆய்வகத்துக்கு மட்டும் தனி வி-லேன் ஒதுக்குங்கள். அதில் நாங்கள் என்ன கலாட்டா செய்தாலும் முதல்வர் அறை தப்பிக்கும். போர்ட்டுக்கு மூன்று மேக் முகவரிகள். மீறினால் போர்ட்டை மூடாமல், மீறிய ஃபிரேமை மட்டும் தள்ளும் ரெஸ்ட்ரிக்ட் முறை. கூடவே போலி டிஹெச்சிபி சர்வரைத் தடுக்கும் டிஹெச்சிபி ஸ்னூப்பிங், சுழலுக்கு வழிவிடாத பிபிடியு கார்டு. எல்லாம் தங்கள் ஸ்விட்ச்சிலேயே உறங்குகின்றன. காசு கொடுத்து வாங்கியவை என்பதால் இவற்றுக்கு ரசீதும் இருக்கும், ஸ்டிக்கரும் இருக்கும்.

அனுமதி கிடைத்த மறுநாளே நாங்கள் கொண்டாடிவிடுவோம் என்ற கவலையும் வேண்டாம். கேவிஎம்முக்காக லினக்ஸில் பிரிட்ஜ் போட்டால், கணினியின் ஐபியை நெட்வொர்க் கார்டிலிருந்து எடுத்து பிரிட்ஜிடம் ஒப்படைக்க வேண்டும். அதைத் தொலைவிலிருந்து செய்பவரின் இணைப்பு பாதிவழியில் அறுந்துபோகலாம். அதே கணினியில் டாக்கர் மென்பொருளும் இருந்தால், அது ஃபயர்வாலில் மாற்றி வைக்கும் ஒரு விதியால் பிரிட்ஜ் சரியாக இருந்தும் பாக்கெட் நகராமல் போகலாம். எங்களைத் தடுக்க ஆள் நிறைய. தாங்கள் சற்று ஓய்வெடுக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆய்வகப் பொறுப்பாளர்

இணைப்பு: நிரப்பப்படாத படிவங்கள், ஒரு கட்டு.

பின்குறிப்பு: 'கணினியை நேரில் கொண்டுவந்து ஆய்வுக்கு உட்படுத்தவும்' என்று படிவத்தின் கடைசி வரியில் உள்ளது. பென் டிரைவில் போட்டுக் கொண்டுவரத் தயார். ஆனால் மூன்றாம் தளத்துக்குள் பென் டிரைவ் கூடாது என்று தங்களுடைய இன்னொரு சுற்றறிக்கை சொல்கிறது. இரண்டில் எதை மீறுவது என்று தெரிவித்தால் அதன்படியே வந்து சேர்கிறோம்.